புதுக் கம்பெனியும் பிறர் ஹக்கும்

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலைக்கோ நெகமத்துக்கோ கிணத்துக்கடவுக்கோ எந்தச் சாலையில் போனாலும், தென்னந்தோப்புகளுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் விரிந்து கிடக்கும் களங்களைக் காணலாம். தேங்காய் மட்டையை இயந்திரத்தில் கொடுத்து நாரை உரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற தூள்தான் அங்கே காய்கிறது. ஒரு காலத்தில் இது வெறும் கழிவு. எங்கே கொட்டுவதென்று தெரியாமல் நார் மில்காரர்கள் அதை மலைபோலக் குவித்து வைத்திருந்தார்கள். இன்று அதே தூளைக் கழுவி, காய வைத்து, ஐந்து கிலோ கட்டிகளாக அழுத்தி, கப்பலேற்றி நெதர்லாந்து, ஸ்பெயின், கொரியா, சீனா முதலிய நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். மண்ணில்லாமல் காய்கறி வளர்க்கும் பண்ணைகளுக்கு இதுவே மண்ணாகப் பயன்படுகிறது. கழிவென்று மனிதன் ஒதுக்கியதில் அல்லாஹுத் தஆலா எத்தனையோ குடும்பங்களின் ரிஸ்கை வைத்திருந்தான்.

இந்தத் தொழிலில் வாலிபர்கள் நிறையப் பேர் இறங்கியிருக்கிறார்கள். படித்து முடித்த இரண்டு மூன்று நண்பர்கள் கூடுகிறார்கள். ஒரு களத்தைக் குத்தகைக்குப் பிடிக்கிறார்கள். கம்பெனி என்று பதிவு செய்து ஏற்றுமதிக்கும் அனுமதி வாங்கிவிடுகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. வரவேற்க வேண்டிய காரியம்தான் இது. கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் தம் இருபத்தைந்தாம் வயதில் கதீஜா நாயகி (ரலி) அவர்களின் சரக்கைக் கொண்டு சிரியா தேசத்துக்கு வியாபாரம் செய்யப் போனவர்கள் அல்லவா? முதல் அந்த அம்மையாருடையது, உழைப்பு நாயகத்துடையது. மக்கத்து ஜனங்கள் அவர்களை ‘அல் அமீன்’ என்று அழைத்ததும் நபித்துவம் வந்த பின்னர் அல்ல, அதற்கு முன்னரே என்பதை இன்றைய இளம் வியாபாரிகள் கவனிக்க வேண்டும்.

ஆனால் இந்தப் பிள்ளைகள் வாயிலிருந்து ஒரு பேச்சு அடிக்கடி வருகிறது. “இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறோம். கொஞ்சம் காலூன்றட்டும். அதன் பிறகு எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிடுவோம், தர்மமும் தாராளமாகக் கொடுப்போம்” என்கிறார்கள். கூலி பாக்கி நிற்பதற்கும் இதுவே பதில். பக்கத்துத் தோட்டத்துக் கிணறு நிறம் மாறியதற்கும் இதுவே பதில். இந்தப் பேச்சுக்கு மார்க்கத்தில் இடமுண்டா என்பதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

நாட்டின் சட்டமே இந்த எண்ணத்துக்கு ஒருவகையில் இடங்கொடுத்துவிட்டது எனலாம். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பில் 500 கோடி ரூபாய், விற்றுமுதலில் 1,000 கோடி ரூபாய், நிகர லாபத்தில் 5 கோடி ரூபாய் என்ற இந்த மூன்றில் ஏதேனும் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது அது. நல்ல சட்டம்தான். ஆனால் ஆனைமலைச் சாலையில் ஒரு களம் வைத்திருக்கிற புதுக் கம்பெனிக்காரர் இதைப் படித்துவிட்டு என்ன நினைக்கிறார்? சமூகப் பொறுப்பு என்பது பெரிய கம்பெனிகளின் காரியம், அது லாபம் வந்த பிறகு தொடங்குவது, நமக்கு இன்னும் காலமிருக்கிறது என்று நினைக்கிறார்.

ஷரீஅத்தின் கணக்கு இப்படி ஓடுவதில்லை. லாபத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது இஹ்ஸான், அது உபகாரம். அதற்கு அளவில்லாத நன்மை உண்டு. ஆனால் லாபம் என்று ஒரு தொகையை எழுதுவதற்கு முன்பே பிறருக்குச் சேர வேண்டியது ஒன்று உண்டு. அது ஹக்கு. ஹக்குல் இபாத் என்று நாம் சொல்கிற அடியார்களின் உரிமை. கூலியாளின் கூலி, மட்டை கொடுத்தவரின் விலை, முதல் போட்டவரின் பணம், சரக்கு வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டிய உண்மை, பக்கத்துக் காட்டுக்காரரின் தண்ணீர் ஆகியவை எல்லாம் இதில் அடங்கும். இவற்றைக் கொடுக்காமல் கையில் மிஞ்சுகிற பணம் லாபமே அல்ல, பிறர் பொருள்.

திவாலானவர் யார் என்று தோழர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை கேட்டார்கள். காசும் பொருளும் இல்லாதவர் என்று தோழர்கள் சொன்னார்கள். அப்படியல்ல, தொழுகையும் நோன்பும் ஸகாத்தும் குறைவில்லாமல் எடுத்துக்கொண்டு மறுமையில் வந்து நின்றும், ஒருவரைத் திட்டியது, ஒருவர் பொருளை விழுங்கியது என்பதற்காகத் தம் நன்மைகளையெல்லாம் உரியவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வெறுங்கையாக நிற்பவரே திவாலானவர் என்று விளக்கினார்கள். முஸ்லிம் ஷரீஃபில் வருகிற செய்தி இது. அந்த மனிதரின் கணக்கில் தர்மமும் இருந்தது என்பதைப் பாருங்கள். தர்மம் அவருடைய ஹக்குக் கடனை அடைக்கவில்லை.

வீட்டிலிருந்து போகும் முதல்

இதழைப் படிக்கும் தாய்மார்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது இந்தப் பகுதி. புதுக் கம்பெனியின் முதல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அம்மாவின் நகை, மாமியின் சேமிப்பு, அத்தா ஓய்வு பெற்றபோது வந்த பணம், வளைகுடாவிலிருக்கும் மச்சான் அனுப்பியது. “போட்டு வையுங்கள் மாமி, மாதா மாதம் இவ்வளவு தந்துவிடுகிறேன்” என்று பிள்ளை சொல்கிறான். மாமியும் சந்தோஷமாகக் கொடுத்துவிடுகிறார். இந்த ஒரு வாக்கியத்திலேயே தவறு புகுந்துவிட்டது என்பது இருவருக்கும் தெரிவதில்லை.

கொடுத்த பணம் கடனா, கூட்டா? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கடன் என்றால் கம்பெனி லாபம் கண்டாலும் நஷ்டப்பட்டாலும் வாங்கியதை அப்படியே திருப்பித் தர வேண்டும். பேசி வைத்து ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் அது வட்டி. கூட்டு என்றால், ஒருவர் பணமும் மற்றவர் உழைப்பும் சேர்ந்த முளாரபா ஆனாலும், இருவரும் பணம் போட்ட முஷாரகா ஆனாலும், வருகிற லாபத்தில் பாதி, மூன்றில் ஒன்று என்று பங்கு பேசலாமே தவிர, மாதம் ஐயாயிரம் என்று தொகை பேசக் கூடாது. நஷ்டம் வந்தால் முளாரபாவில் அது பணம் போட்டவருடையது. உழைத்தவருக்கு உழைப்பு வீண். உழைத்தவர் அசட்டையாக நடந்திருந்தாலோ, பேசிய வரம்பை மீறியிருந்தாலோதான் அவர் பொறுப்பாளி ஆவார். இதை மாமியிடம் முதல் நாளே சொன்னால் அவர் பணம் தராமல் போகலாம். போகட்டுமே! அறிந்து தருவதற்கும் மறுப்பதற்கும் அவருக்குள்ள உரிமையும் ஒரு ஹக்குத்தான்.

மாதா மாதம் நிலையான தொகை என்ற வாக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கொங்கு நாட்டுக்காரர்களுக்குச் சொல்லிக் காட்டத் தேவையில்லை. ஆஸ்திரேலியப் பறவையான ஈமுவை இந்த வட்டாரத்தில் ஊர் ஊராக வளர்த்த காலம் நினைவிருக்கும். ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் குஞ்சுகளும் கொட்டகையும் தீவனமும் தருகிறோம், மாதந்தோறும் பராமரிப்புத் தொகையும் ஆண்டுக்கொரு போனஸும் தருகிறோம் என்று விளம்பரம் வந்தது. திரைப்பட நடிகர்கள் அந்த விளம்பரங்களில் தோன்றினார்கள். அந்தப் பறவையின் இறைச்சியை யார் வாங்குகிறார்கள், எண்ணெயை யார் வாங்குகிறார்கள் என்று கேட்டவர்கள் சிலரே. வாங்க ஆளில்லை. அடுத்து வந்து பணம் கட்டுகிறவரின் பணம்தான் முன்பு கட்டியவருக்கு மாதத் தொகையாகப் போய்க்கொண்டிருந்தது. 2012 ஆகஸ்டில் பெருந்துறையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சுசி ஈமு நிறுவனம் கதவை மூடியது. அதைப் போன்ற மற்றவையும் சரிந்தன. தீவனமில்லாமல் தவித்த பறவைகளுக்கு அரசின் கால்நடைத் துறை தீவனம் போட வேண்டி வந்தது. பூனையைக் கட்டிப் போட்டுப் பட்டினியால் சாக விட்ட பெண்ணுக்கு நேர்ந்த கதியை ஹதீஸில் படிக்கிற நமக்கு, அந்தப் பறவைகளின் பசியும் ஒரு கணக்காகத் தோன்ற வேண்டும்.

அதற்குச் சற்று முன்னர்தான் திருப்பூரில் பாசி என்ற நிறுவனம், அந்நியச் செலாவணி வியாபாரத்தில் பெருக்கித் தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டி 2009-இல் விழுந்தது. சுமார் 930 கோடி ரூபாய் சம்பந்தப்பட்ட அந்த வழக்கில், 2022 ஆகஸ்டில்தான் கோவை நீதிமன்றம் இருவருக்குத் தலா 27 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. பணத்தைப் போட்ட முதியவர்களில் எத்தனை பேர் அந்தத் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இருந்தார்களோ!

இவையெல்லாம் பிறர் காரியம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. பெங்களூரில் 2006-இல் தொடங்கிய ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் வட்டியில்லை, ஹலாலான லாபம் என்ற பெயரைச் சொல்லியே பணம் சேர்த்தது. போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் சமுதாயத்தவர். மகளின் கல்யாணத்துக்கு வைத்திருந்ததை, ஹஜ்ஜுக்கு வைத்திருந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள். 2019 ஜூனில் அதன் தலைவர் நாட்டை விட்டுப் போனபோது அலுவலக வாசலில் பர்தா அணிந்த பெண்கள் புகார் மனுக்களுடன் வரிசையில் நின்றார்கள். ஹலால் என்ற சொல் அங்கே விளம்பரப் பலகையாகப் பயன்பட்டது. எந்தச் சரக்கு வாங்கினார்கள், எவ்வளவுக்கு விற்றார்கள், லாபம் எங்கிருந்து பிறந்தது என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு, கணக்கைப் பார்த்த பிறகு சொல்ல வேண்டிய சொல் அது. நம் பிள்ளை நடத்துகிற கம்பெனியானாலும் இந்த மூன்று கேள்வியைக் கேளுங்கள். கேட்டதற்காகப் பிள்ளை கோபித்துக்கொண்டால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

எழுதி வைப்பதைப் பற்றியும் ஒரு சொல். குர்ஆன் ஷரீஃபில் மிக நீண்ட ஆயத்து எதைப் பற்றியது தெரியுமா? தவணைக் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. ‘மச்சானுக்கும் மச்சானுக்கும் பத்திரம் எதற்கு’ என்பது நம் ஊர்ப் பெருந்தன்மை. பத்திரமில்லாத கூட்டு உடையும்போது கம்பெனியோடு சேர்ந்து கல்யாண உறவும் உடைகிறதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

மட்டை கொடுத்தவர்

மட்டை விற்ற தோப்புக்காரருக்கும் லாரிக்காரருக்கும் சாக்கு கொடுத்தவருக்கும் தவணை சொல்வது வியாபார வழக்கம். தவணைக்கு வாங்குவது ஹலால். சொன்ன தவணைக்குக் கையில் பணம் இருந்தும் இழுத்தடிப்பதுதான் அநியாயம். ‘வெளிநாட்டுப் பார்ட்டி இன்னும் பணம் அனுப்பவில்லை’ என்று சொல்லிவிட்டு அந்த வாரமே புதுக் கார் எடுக்கிற வழக்கம் பொள்ளாச்சிக்கு மட்டும் உரியதல்ல.

நபித்துவத்துக்கு முன் மக்காவில் நடந்த ஒரு சம்பவம் இங்கே பொருந்தும். யமன் தேசத்து வியாபாரி ஒருவர் சரக்குக் கொண்டுவந்தார். ஆஸ் இப்னு வாயில் என்ற குறைஷிப் பிரமுகர் அதை வாங்கிக்கொண்டு விலையைத் தர மறுத்தார். அந்நியரான அந்த வியாபாரிக்கு ஊரில் ஆள்பலமில்லை. அவர் அபூ குபைஸ் மலைமீது ஏறி நின்று தமக்கு நேர்ந்ததைச் சத்தமிட்டுச் சொன்னார். அதைக் கேட்டு வெட்கப்பட்ட சில கோத்திரத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் யாராயிருந்தாலும் அவருக்கு உரியது கிடைக்கும்வரை அவர் பக்கம் நிற்போம் என்று சத்தியம் செய்தார்கள். பாக்கியையும் வாங்கிக் கொடுத்தார்கள். ஹில்ஃபுல் ஃபுளூல் என்பது அந்த உடன்படிக்கையின் பெயர். வாலிபராயிருந்த நாயகம் (ஸல்) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பின்னும் அப்படியொரு உடன்படிக்கைக்கு அழைத்தால் வருவேன் என்று பிற்காலத்தில் சொன்னார்கள்.

ஒரு வெளியூர்க்காரரின் விற்பனை பாக்கிக்காக ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள் என்பதுதான் இதிலுள்ள பாடம். அவர்களில் முஸ்லிம் என்று எவரும் இல்லை. அப்போது இஸ்லாமே வரவில்லை. நம் ஜமாஅத்துகளும் வியாபாரிகள் சங்கமும் பாக்கித் தகராறுகளில் இப்படி நின்றால் எவ்வளவு நன்றாயிருக்கும்! சிறு தொழில் நிறுவனங்களிடம் வாங்கிய சரக்குக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டுமென்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. தாமதத்துக்கு வட்டியும் போடுகிறது அந்தச் சட்டம். வட்டி வாங்காதவர் என்று தெரிந்துகொண்டு முஸ்லிம் வியாபாரியின் பாக்கியைக் கடைசியில் வைப்பவர்களும் உண்டு என்பது வேறு வேதனை.

கூலி

பித் களங்களிலும் நார் மில்களிலும் இன்று வேலை செய்பவர்களில் பீகார், ஒடிசா, அஸ்ஸாம் மாநிலத்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். உள்ளூர்ப் பெண்கள் வெயிலில் நின்று தூளைக் கிளறிக் காய வைக்கிறார்கள். தூசி மூக்கிலும் கண்ணிலும் ஏறுகிறது. இவர்களுடைய ஹக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் பணம் போட்டவர் வந்து கேட்பார், மட்டை கொடுத்தவர் வந்து கேட்பார். பாஷை தெரியாத கூலியாள் கேட்க மாட்டார்.

வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்னது நம் எல்லாருக்கும் தெரியும். மீலாது மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். கூலியாளிடம் வேலையை முழுக்க வாங்கிக்கொண்டு கூலியைத் தராதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் அறிவித்திருப்பது புகாரி ஷரீஃபில் இருக்கிறது. மேடையில் இவ்வளவோடு முடித்துவிடுவார்கள். களத்தில் எழுகிற கேள்விகள் இதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன.

மாதச் சம்பளத்துக்கோ நாள் கூலிக்கோ ஒருவரை அமர்த்திவிட்டோம். அவர் காலையில் வந்து நின்றுவிட்டார். கரண்ட் இல்லை, அல்லது மிஷின் பழுது. அன்றைக்குக் கூலி உண்டா? நம் ஹனஃபி மத்ஹபின் ஃபிக்ஹு நூல்கள் இதைத் தெளிவாகப் பேசுகின்றன. நேரத்துக்காக அமர்த்தப்பட்ட கூலியாள், தம்மை வேலைக்கு ஒப்படைத்து நின்றுவிட்டாலே கூலிக்கு உரியவராகிறார். வேலை கொடுக்காதது முதலாளியின் காரியம். ‘மிஷின் ஓடவில்லை, நாளைக்கு வா’ என்று சொல்லி அனுப்புவதற்கு முன் இந்த மஸ்அலாவை நினைத்துக்கொள்ள வேண்டும். மழை பெய்து வெளிவேலையே நடக்க முடியாமல் போன நாளைப் பற்றி நூல்களில் வேறு விவரம் இருக்கிறது. ஆகையால்தான் மழை நாள் கூலி எவ்வளவு, வேலையில்லா நாள் கூலி எவ்வளவு என்பதை அமர்த்துகிற அன்றே பேசி, அவருக்குப் புரிகிற பாஷையில் சொல்லிவிட வேண்டும் என்கிறோம். கூலியைத் தெரிவிக்காமல் ஆளை அமர்த்துவதே கூடாது.

‘நாங்கள் காண்டிராக்டரிடம் கொடுத்துவிட்டோம், அவர் கொடுக்கிறாரா இல்லையா என்பது எங்களுக்குத் தெரியாது’ என்பது அடுத்த பேச்சு. தெரியாதென்றால் தெரிந்துகொள்ளலாமே! களம் நம்முடையது, தூள் நம்முடையது, கட்டியின்மேல் ஒட்டுகிற பெயர் நம்முடையது. கூலி மட்டும் காண்டிராக்டருடையதா?

இன்னொரு தந்திரமும் உண்டு. பத்துப் பேர் ஆனால் ஈ.எஸ்.ஐ., இருபது பேர் ஆனால் வருங்கால வைப்பு நிதி என்று சட்டம் வைத்திருக்கிறது. சில கம்பெனிகளின் வருகைப் பதிவேடு ஆண்டுக்கணக்கில் பத்தொன்பதிலேயே நிற்கும். களத்தில் எண்ணினால் முப்பது பேர் இருப்பார்கள். பதிவேட்டில் பொய் எழுதுவது பொய்தான். அதைவிட மோசமானது, ஆளின் சம்பளத்திலிருந்து நிதிக்கென்று பிடித்துக்கொண்டு அதைக் கட்டாமல் கம்பெனிச் செலவுக்குப் புரட்டிக்கொள்வது. பிடித்த மறுகணமே அந்தப் பணம் அமானிதமாகிவிட்டது. அமானிதத்தில் மோசடி முனாஃபிக்கின் அடையாளம் என்று ஓதியிருக்கிறோம்.

தண்ணீர்

தென்னை நார்த்தூளில் இயற்கையாகவே உப்பு இருக்கும். செடிக்கு அது ஆகாது. ஆகவே வெளிநாட்டார் கேட்கும் அளவுக்கு உப்பு இறங்கும்வரை தூளைத் தண்ணீர் விட்டுத் திரும்பத் திரும்பக் கழுவுகிறார்கள். சிலர் கால்சியம் நைட்ரேட் கரைசலிலும் ஊற வைக்கிறார்கள். கழுவிய தண்ணீர் காப்பி நிறத்தில் வெளியே வருகிறது. அதில் உப்பும் துவர்ப்புப் பொருளும் கரைந்திருக்கின்றன. மண் தரையில் விட்டால் அது கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போகிறது. சுத்தமான சரக்கு நெதர்லாந்துக்குப் போகிறது. அதிலிருந்து கழுவிய உப்பு பக்கத்துத் தோட்டக்காரர் கிணற்றில் தங்குகிறது.

2021-இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நார்த் தொழிலை, மாசில்லாத் தொழில்களுக்குரிய வெள்ளை வகையிலிருந்து ஆரஞ்சு வகைக்கு மாற்றியது. தொழில்காரர்கள் எதிர்த்தார்கள். உலர் முறையில் நார் மட்டும் உரிக்கிற சிறு மில்லையும் தூளைக் கழுவுகிற களத்தையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்ற அவர்களுடைய கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் வாரியம் எந்த நிறம் கொடுத்தாலும் கிணற்றுத் தண்ணீரின் நிறம் தனியாக இருக்கிறதே! தீங்கு செய்வதும் இல்லை, தீங்குக்குத் தீங்கு செய்வதும் இல்லை என்பது ஷரீஅத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்திக்கொண்டே இருந்ததில், சொத்தில் அவருக்கும் பங்கு வந்துவிடுமோ என்று நாயகம் (ஸல்) அவர்களே எண்ணும்படி ஆயிற்று. அந்த அண்டை வீட்டார் எந்த மதத்தவர் என்று பார்க்கச் சொல்லவில்லை.

இதைத் தள்ளிப் போட்டதன் முடிவைப் பார்க்க வெகு தூரம் போக வேண்டாம். திருப்பூர்ச் சாயப் பட்டறைகள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் இளம் தொழிலாகத் தொடங்கியவைதான். ‘காலூன்றட்டும்’ என்றுதான் அவர்களும் சொன்னார்கள். நொய்யலில் சாய நீர் ஓடியது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தொட்டியாயிற்று. கீழே இருந்த விவசாயிகள் நிலத்தை இழந்தார்கள். கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரே நாளில் வேலை இழந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கழிவுக்குப் பொறுப்பே இல்லாத கூலிக்காரர்கள். பொள்ளாச்சியில் அப்படி ஆகக் கூடாதென்றால், கழுவும் தொட்டிக்குச் சிமெண்டுத் தளம், வடிகிற நீரைச் சேர்க்க ஒரு குழி, தெளிய வைத்துத் திரும்பப் பயன்படுத்த ஒரு மோட்டார் ஆகியவற்றை முதல் மதிப்பீட்டிலேயே எழுத வேண்டும். மிஷினுக்கு எழுதுவது போலவே இதற்கும் எழுத வேண்டும். பணம் போதாதென்றால் சிறிய களமாகத் தொடங்கலாம்.

சரக்கின் அடிப்பகுதி

கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள். விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் கடைக்காரர். ஜனங்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்ல என்றார்கள். கொப்பரை வியாபாரம் செய்கிற ஊரில் ஈரத்தைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை! கறுத்த கொப்பரைக்குக் கந்தகப் புகை காட்டி வெளுக்க வைப்பதும், கழுவாத தூளைக் கட்டியின் உள்ளே வைத்துவிட்டுக் கழுவியதன் பரிசோதனைச் சீட்டை அனுப்புவதும் அந்தக் குவியலின் வம்சம்தான்.

நம் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் துணி வியாபாரி. அவர்களுடைய கூட்டாளி, குறையுள்ள ஒரு துணியை அந்தக் குறையைச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்த விற்பனையில் வந்த பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். குறையுள்ள ஒரு துணியின் பணத்தை மட்டும் கழித்திருக்கலாமே என்று கணக்கர் கேட்பார். வரவோடு வரவாகக் கலந்துவிட்டதில் எது சுத்தம் என்று பிரித்தறிய முடியாதபோது இமாமவர்கள் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஸகாத் எழுதுகிற நாள்

கடைசியாக, ரமலானில் நம் பிள்ளைகள் கேட்கிற மஸ்அலா. கம்பெனிக்கு ஸகாத் உண்டா? கொட்டகைக்கும் மிஷினுக்கும் லாரிக்கும் இல்லை. விற்பனைக்குத் தயாராக இருக்கிற கட்டிகள், கட்டியாக ஆகவிருக்கிற தூள், கையிலும் வங்கியிலும் உள்ள ரொக்கம், வர வேண்டிய நல்ல பாக்கி இவற்றுக்கு உண்டு. சரக்கை அன்றைய விற்பனை விலைக்கு மதிப்பிட வேண்டும். வாங்கிய விலைக்கு அல்ல. மிஷினுக்கு ஊற்றும் டீசல் போல எரிந்து தீர்ந்துவிடுகிற பொருளுக்கு இல்லை. ஹனஃபி மத்ஹபின்படி கம்பெனி முழுவதற்கும் சேர்த்து நிஸாப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கூட்டாளியும் தம் பங்கைத் தம் மற்றச் சொத்துடன் சேர்த்து, 612.36 கிராம் வெள்ளியின் மதிப்பை எட்டுகிறதா என்று பார்த்து, நூற்றுக்கு இரண்டரை கொடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் முதலில் கழிப்பது கொடுக்க வேண்டிய கடன்களை. மட்டை பாக்கியைக் கழியுங்கள். நிற்கிற கூலியைக் கழியுங்கள். கழித்துவிட்டோமே என்று இருந்துவிடாமல் அன்றைக்கே கொடுத்தும் விடுங்கள். ஊருக்குப் போனவர் திரும்பி வராததால் கொடுக்க முடியாமல் நிற்கிற கூலி பல கம்பெனிகளின் நோட்டில் உண்டு. குகையில் அகப்பட்ட மூவரின் கதையில், கூலியை வாங்காமல் போன ஒருவரின் பணத்தை முதலாளி பெருக்கி வைத்திருந்து, ஆடும் மாடுமாக மொத்தத்தையும் திருப்பிக் கொடுத்தார். அதைச் சொல்லித்தான் துஆ கேட்டார். அவ்வளவு உயர்வு நமக்கு வராவிட்டாலும், அந்தத் தொகையைத் தனியே எடுத்து வைத்து, காண்டிராக்டர் மூலமாகவும் கூட வேலை செய்தவர்கள் மூலமாகவும் அவருடைய ஊர் விலாசத்தைத் தேட வேண்டும். தேடியும் கிடைக்கவேயில்லை என்று உறுதியானால் அவர் பேரால் ஏழைக்குக் கொடுத்துவிடலாம். நோட்டில் அவர் பெயரை மட்டும் அடித்துவிடாதீர்கள். ஐந்து வருடம் கழித்து அவர் வந்து, நீங்கள் கொடுத்த தர்மத்தை நான் ஏற்கவில்லை, என் கூலியைத் தாருங்கள் என்று கேட்டால், அந்தத் தர்மத்தின் நன்மை உங்களைச் சேரும். அவருடைய கூலியை நீங்கள் மறுபடியும் கொடுத்தாக வேண்டும்.